பழுதில்லாத ரைமர்

குளிர்காலத்தில் குடியிருப்பாளர்கள் குளிரால் அவதிப்படலாகாது என்பதில், டோர்செட் பார்க்கில் அந்த வரிசை வீடுகளை வாடகைக்கு விட்டிருந்த வீட்டு ஒபிஸ் மிகுந்த அக்கறை கொண்டிருந்தது. அதேவேளை ஆளில்லாத வீட்டுக்குச் சூடு எதற்கு என்ற கேள்வியும் அப்போது ஒரு நாகரிகமாக இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சமாளிக்க, எண்பத்தேழாம் ஆண்டு குளிர் தொடங்க முன்னமே ஹீற்றருக்கு நேரம் குறிக்கும் ரைமர் வீட்டுக்கொன்று பூட்டினார்கள். ஆட்கள் வேலையால் வரும் பொழுதுக்கு அது ஹீற்றரைப் போடும். காலையில் அவர்கள் வெளிக்கிட்டதும் நிற்பாட்டும். யாரும் கைவைக்காதபடி ரைமரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை ஒபிஸில் மாட்டினார்கள். கோயிலில் சாமியைப் போல, பார்க்கலாம், தொடக்கூடாது.

பாக்கியராசாவின் வீட்டு ரைமர் மட்டும் வேறு கொள்கையுடையதாக இருந்தது. அவன் வாளி செய்யும் பக்டரிக்குப் பகல் வேலைக்குப் போனதும் வீடு கொதிக்கும். அவன் வந்து சப்பாத்தைக் கழற்றிச் சாப்பிட்டு எழும்ப வீடு குளிரத் தொடங்கும். படுக்கைக்குப் போகும்போது தலையில் தொப்பியும் காலில் மேசும் போட்டுக்கொண்டுதான் போவான்.

மனைவி புஸ்பராணி கைக்குழந்தைக்காரி. மூன்று போர்வைக்குள்ளும் பிள்ளையின் மூக்கு குளிர்ந்து கிடந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த வீடு ராவையில சூடாகாட்டி, நான் பிள்ளையத் தூக்கிட்டு மார்க்கம் டவுனுக்கு அக்காட்டப் போயிருவன்."

அக்காவின் புருசன் மகேஸ்வரன் அங்கே தனிவீடு வாங்கியிருந்தவன். பாக்கியராசாவுக்குப் பெண்சாதி பிள்ளையைக் குளிராமல் வைத்திருக்கத் தெரியவில்லை என்று கலியாண வீடு கலியாண வீடாகச் சொல்லித் திரிவான். அதைக்கூடப் பொறுக்கலாம். பிள்ளை இல்லாத வீட்டுக்குள் வேலை முடிந்து வந்து ஏறுவதைத்தான் பாக்கியராசாவால் பொறுக்க முடியாது. உடனே ஒபிஸுக்குப் போன் எடுத்தான்.

ஒபிஸில் தமிழ் வீடுகளைப் பார்வையிட விநாயகமூர்த்தி என்ற யாழ்ப்பாணத்து மனிதர் நியமிக்கப்பட்டிருந்தார். தமிழ் தெரிந்த பரிசோதகர் அவர் ஒருவர்தான். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர். நாட்டை விட்டு வந்தபோதும் கச்சேரியை விட்டு வரவில்லை. அந்த வரிசையின் கடைசி வீட்டில்தான் குடியிருந்தார். ஆனாலும் வீட்டிலிருந்து நேரே வருவது முறையல்ல என்று பஸ்ஸில் ஒபிஸுக்குப் போய், கையொப்பம் வைத்து, பஸ்ஸில் திரும்பி வந்து பாக்கியராசாவின் மணியை அடித்தார்.

முன்னறையின் நடுவில் நின்று வெப்பமானியை உயர்த்திப் பிடித்தார்.

"சூடு திருப்தி," என்று எழுதினார்.

வேலைக்கு லீவு போட்டு நின்ற பாக்கியராசா சொன்னான், "ஐயா, இப்ப சூடுதான். ராவைக்கு வந்து பாருங்க."

"இரவிலை ஒபிஸ் பூட்டு."

"குளிர் ராவையிலதானே வருகுது?"

"குளிருக்கு ஒபிஸ் நேரம் தெரியாட்டி அதுக்கு நாங்கள் பொறுப்பில்லை, தம்பி."

இருந்தாலும் கடமை உணர்ச்சி உள்ளவர். கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். வெளியே பனியில் வெயில் பட்டுக் கண் கூச, ரைமரின் முகத்தில் முள் இரவுப் பக்கத்தில் நின்றது.

"ரைமர் பூட்டேக்கை வீட்டிலை ஆர் நிண்டது?"

"நான்தான்," என்றார் சோபாவில் கம்பளி போர்த்தியிருந்த கந்தப்போடி. புஸ்பராணியின் தகப்பன். களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்து ஆறேழு மாதம் இருக்கும். "வெள்ளைக்காரன் நேரம் என்னெண்டு கையைக் காட்டிக் கேட்டான். நான் என்ர மணிக்கூட்டைக் காட்டினன்."

அவர் நீட்டிய மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு பாக்கியராசா தலையில் கைவைத்தான். அது களுவாஞ்சிக்குடி நேரம்.

"மாமா, இதை இன்னும் மாத்தல்லையா?"

"உன்ர மாமி இன்னும் ஊர்ல அந்த நேரத்திலதானே இரிக்கா. நான் மட்டும் எப்பிடி மாத்துற?"

விநாயகமூர்த்தி விசாரணையைத் தொடர்ந்தார்.

"வெளியிலை பகல் எண்டு அந்தாள் சொல்லேல்லையோ?"

"யன்னலைக் காட்டினான். நான் கன்னத்தில கைவைச்சு, கண்ணை மூடிக் காட்டினன். எங்கட பக்கம் நித்திரை எண்டு. அவன் தோளைக் குலுக்கிட்டு ராவுக்குத் திருப்பிப் பூட்டிட்டுப் போயிட்டான்."

"அவன் செய்தது சரி. குடியிருப்பாளர் சொல்லுற நேரந்தான் வீட்டு நேரம். அதோடை வாக்குவாதப்படக் கூடாதெண்டு விதி இருக்கு."

பாக்கியராசாவுக்கு உயிர் வந்தது. "அப்ப பிரச்சினை தெரிஞ்சிட்டு ஐயா. திறந்து ஒருக்காத் திருப்பி விடுங்க."

"திறக்கிறதெண்டால் ரைமர் பழுதாக இருக்கவேணும். இது பழுதில்லை. ஒழுங்காய் ஓடுது. களுவாஞ்சிக்குடியிலை வைச்சால் இதைப்போல ஒரு ரைமர் கிடையாது."

"நாங்க டோர்செட் பார்க்கில இரிக்கம்."

"அது ரைமரின்ர குற்றமில்லை."

"நான் பழுதாக்கிட்டுக் கூப்பிடட்டா?"

"பழுதாக்கினால் உங்களை வீட்டாலை வெளியிலை எழுப்புவினம்." விநாயகமூர்த்தி பேனையை மூடினார். பிறகு, இரக்கமும் உள்ளவராகையால், குரலைத் தணித்துச் சொன்னார். "தம்பி, வீட்டின்ர நேரத்தை மாத்த எனக்கு அதிகாரமில்லை. வீட்டிலை இருக்கிற ஆக்கள் மாறலாம். அதுக்கு ஒருத்தரின்ர அனுமதியும் தேவையில்லை."

வெள்ளிக்கிழமை புஸ்பராணி பெட்டியை அடுக்கி வாசலில் வைத்துவிட்டாள். வேலையால் வந்த பாக்கியராசா பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டே சொன்னான், தான் இரவு வேலைக்கு மாறிவிட்டதாக.

"அப்ப பகல்ல படுக்கிறதா?"

"ஓம் புள்ள. பிள்ளை எப்பிடியும் ராவையில முழிப்புத்தானே. நீ ராவையில சமை. அடுப்பு எரிஞ்சா குசினி சூடாகும். பகல்ல எல்லாரும் சூட்டில படுப்பம்."

பகிடியில்லை என்று தெரிந்ததும் அவள் பெட்டியை உள்ளே இழுத்தாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் விடியப்புறம் இரவுச் சாப்பாடு; பொழுதுபட்டால் பிட்டும் தேத்தண்ணியும். யன்னலில் கறுத்த சீலை. பிள்ளையின் மூக்குச் சூடாகிவிட்டது. கந்தப்போடிக்கு மட்டும் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. தன்னுடைய நேரத்துக்கு இந்த வீட்டார் கடைசியில் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்பதில் அவருக்குப் பரம திருப்தி.

வீட்டு ஒபிஸும் திருப்தியடைந்தது. மற்ற வீட்டுக்காரர் கதவு, குழாய், எலி என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்க, பாக்கியராசா வீட்டிலிருந்து ஒரு முறைப்பாடும் வரவில்லை. மேலதிகாரி அதன் காரணத்தை ஆராய்ந்தார். அந்த வீட்டில் வித்தியாசமாக இருந்தது ரைமர் ஒன்றுதான். ஆகவே குடியிருப்பாளரின் மனநிறைவை முன்னிட்டு, வரிசையில் எல்லா ரைமரும் அவ்வாறே திருப்பப்பட வேண்டும் என்று கட்டளை பிறந்தது. ரைமரைத் திறக்கப் பழுது தேவை; கட்டளைக்குப் பழுது தேவையில்லை. விநாயகமூர்த்தி திறப்புக் கோர்வையோடு வீடு வீடாகப் போனார். கடைசி வீட்டையும் விடவில்லை. பாக்கியராசா வீட்டு ரைமர் ஏற்கெனவே திருத்தமாக இருந்தபடியால் அதைத் தொடவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு, வேலை முடிந்து காலையில் வந்துகொண்டிருந்த பாக்கியராசா, கடைசி வீட்டு வாசலில் விநாயகமூர்த்தி தன் வீட்டு மணியைத் தானே அடிப்பதைக் கண்டான். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். மூக்கு சிவந்து ஒழுகியது.

"தம்பி, ஒருக்கா வாரும். சாட்சிக் கையொப்பம் ஒண்டு வேணும்."

"ஆர் ஐயா முறைப்பாடு?"

"நான்தான்."

கதவைத் திறந்த அவருடைய மனைவி குணவதி கோட்டும் தொப்பியும் போட்டு, கையில் பெட்டியோடு நின்றா. விநாயகமூர்த்தி முன்னறையின் நடுவில் போய் வெப்பமானியை உயர்த்தினார். வீடு கொதித்தது. அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு "சூடு திருப்தி" என்று எழுதி, பரிசோதகர் என்ற இடத்தில் ஒரு கையொப்பமும், முறைப்பாட்டாளர் என்ற இடத்தில் இன்னொன்றும் வைத்தார்.

"இப்ப சூடுதான்," என்றா குணவதி. "இரவிலை வந்து பாருங்கோவன்."

"இரவிலை ஒபிஸ் பூட்டு," என்று அவர் வாய் தானாகச் சொன்னது.

குணவதி, விட்பி நகரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லி, பனிக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு பஸ் தரிப்பு வரைக்கும் திரும்பிப் பாராமல் போனா.

அவ மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்ற விநாயகமூர்த்தி, பாக்கியராசாவின் கையைப் பிடித்தார். கச்சேரிக் குரல் எங்கேயோ போயிருந்தது.

"தம்பி, உங்கட பக்டரியிலை இரவு வேலைக்கு ஆக்கள் எடுக்கினமோ?"

"எடுத்து முடிஞ்சிட்டு ஐயா," என்றான் பாக்கியராசா. "எங்கட வரிசை முழுக்க இப்ப அங்கதான் நிக்கிது."