பின்னாலிருந்து விழுந்த உதை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நானும் சௌக்கியம் என்று எழுதப் பேனா வரவில்லை. வலது காலில் முட்டிக்குக் கீழே பெரிய கட்டு. மூன்று வாரமாகத் தாங்கள் என் போனை எடுக்கவில்லை. அது நியாயம்தான். நானாக இருந்தால் நம்பரையே அழித்திருப்பேன்.

அன்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது மாப்பிள்ளை, "ஒரு கேம் ஷட்டில் ஆடலாமா மாமா?" என்று மரியாதைக்குத்தான் கேட்டார். அறுபத்திரண்டு வயதுக்காரன் சிரித்து மழுப்பியிருக்க வேண்டும். உங்கள் வீட்டார் எல்லோரும் பார்க்கிறார்களே என்று எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஐந்து பாயிண்ட் வரை சமாளித்தேன். ஆறாவதற்குப் பின்கோட்டருகே நின்றவன், முன்னே பாய்வதற்காக வலது காலை ஊன்றி ஓர் உந்து உந்தினேன் பாருங்கள், குதிகாலுக்குச் சற்று மேலே பட்டென்று ஓர் உதை. சத்தமே கேட்டது. திரும்பினால், பந்து பொறுக்கக் குனிந்தபடி நீங்கள். அங்கே வேறு ஆளே இல்லை. மட்டையால் உங்கள் தோளில் ஒரு போடு போட்டேன்.

"உங்க பையன் தோத்துருவான்னு பயந்தா, இப்படியா பின்னால வந்து உதைக்கிறது?"

இதை நான் சொன்னேன். அத்தனை பேர் முன்னால், நல்ல தெளிவான குரலில் சொன்னேன். அடுத்த அடி வைக்கப் போய் நான் சரிந்தபோது தாங்கிப் பிடித்தீர்கள். அடித்த அதே தோளில் என் கையைப் போட்டுக் கார் வரைக்கும் கூட்டிப் போனீர்கள். அதுவும் எனக்கு உறைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம், காரணம் என்ற இடத்தில் 'சம்பந்தி' என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அந்த அம்மா என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். இடது கெண்டைக்காலைப் பிசைந்தார், பாதம் ஆமாம் போடுவதுபோல் ஆடியது. வலதைப் பிசைந்தார், பாதம் சும்மா கிடந்தது.

"யாரும் உங்கள உதைக்கல. நார் அறுந்திருக்கு. அறுந்தா உதைச்ச மாதிரிதான் இருக்கும். இப்படி வர்றவங்க நிறையப் பேர் பின்னால நின்னவங்களத்தான் சொல்லுவாங்க" என்றார்.

பிறகு விளக்கினார். தசைக்கு இழுக்கத்தான் தெரியுமாம், தள்ளத் தெரியாதாம். கெண்டைக்கால் தசை சுருங்கினால், அதன் நுனியில் இருக்கிற நார் குதிகால் எலும்பை மேலே இழுக்கும், அப்போது முன்பாதம் தரையை அழுத்தும், ஆள் முன்னே போவான். பாதத்தைத் திரும்ப மேலே தூக்குவது முன்பக்கத்துத் தசையின் வேலை. என் கேஸில் தசை இழுத்திருக்கிறது, நடுவில் நார் போய்விட்டது, எலும்புக்குச் சேதியே சேரவில்லை.

சம்பந்தி, நான் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் ஓடியும் பெட்டி நகராவிட்டால் முதலில் ரோப்பைப் பார் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன். என் காலில் ரோப் அறுந்ததற்கு உங்களைப் போய் அடித்திருக்கிறேன். கட்டிலில் குப்புறக் கிடந்தது அந்த நேரத்துக்கு வசதியாக இருந்தது, முகத்தை யாருக்கும் காட்ட வேண்டியிருக்கவில்லை. மகள் என்னிடம் பேசுவதே குறைந்துவிட்டது. "மன்னிப்புக் கேட்டு எழுதுங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கேட்கிறேன். என் மேலுள்ள கோபத்தை மனதில் வைத்து அவளிடம் முகம் சுளிக்காதீர்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என்னால் இனி ஒரு தலைகுனிவும் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "சம்பந்தி அன்னைக்கு வீட்டுக்குள்ளதான உக்காந்திருந்தாரு? நீங்க அடிச்சது அவரோட அண்ணன" என்கிறாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆடினேனாம். நீங்கள் இருவரும் வேறு ஒரே அச்சு. ஆகவே மேலே 'நீங்கள்' என்று வரும் இடங்களைத் திருத்தி, கடிதத்தைத் தங்கள் அண்ணனிடம் சேர்ப்பித்துவிடவும். ஒன்றுதான் விளங்கவில்லை. உங்களை நான் அடிக்கவே இல்லையென்றால், மூன்று வாரமாகப் போனை எடுக்காதது எதற்காக? நான் வேறு என்ன செய்தேன் என்று ஒரு வரி எழுதினால், அதற்கும் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.