விரிந்தால்தான் சுருங்கும்

'குப்பை' என்ற கிளையை எழுதி முடிப்பதற்குள் சார்ட் தீர்ந்துவிட்டது. டீச்சர் சுவரில் அதன் பக்கத்திலேயே இன்னொரு சார்ட்டை ஒட்டினாள். பசை பீரோ கதவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

"என் சட்டை உள்ள இருக்குடி," என்றான் கணவன், பனியனோடு.

"இருக்கட்டும். ஓடியா போயிடும்?"

"எனக்கு ஆபீஸ் ஓடிப் போயிடும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள தலைப்பு கொடுக்கலைன்னா என் பதிவே ரத்து. உங்களுக்குச் சட்டை பெருசா?"

பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்பு போட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். அக்கம்பக்கத்துச் சண்டைகளை ஆராய ஆசை. "ரொம்ப அகலம். மைண்ட் மேப் போட்டுப் பாருங்க, தானா குறுகும்," என்றிருந்தார் நெறியாளர். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் 'சண்டை'. அதிலிருந்து கிளைகள்: தண்ணீர், நாய், வண்டி நிறுத்துமிடம். எதுவும் குறுகவில்லை. கறையான் மாதிரி சுவரேறியது.

சுருட்டி எடுத்துப் போய் நெறியாளர் மேஜையில் விரித்தாள். அவர் கையில் சிவப்புப் பேனா. அந்தப் பேனா எதையும் அடித்து யாரும் பார்த்ததில்லை. அதற்குச் சேர்க்க மட்டும்தான் தெரியும்.

"'பொறாமை'யை விட்டுட்டீங்களே. 'மதில்' எங்க? 'பரம்பரைப் பகை'?"

"சார், நான் குறைக்கத்தான் வந்தேன்."

"விரிஞ்சாத்தான்மா சுருங்கும்."

இது என்ன குடையா என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

இனி சார்ட் கட்டுப்படியாகாது. துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கூடத்துச் சுவர் முழுக்க ஒட்டினாள். வியர்த்து வந்த கணவன் மின்விசிறியைப் போட்டான். பொறாமை சோபாவுக்கு அடியில் போனது. பரம்பரைப் பகை அவன் காபியில் விழுந்தது.

"ஆணி அடிச்சுத் தொலைக்கிறேன்!" என்று சுத்தியலை எடுத்தாள்.

நாலாவது ஆணியில் கீழ்வீட்டுக்காரி வாசலில் நின்றாள். "ஏம்மா, மேல வீட்டை இடிக்கிறீங்களா?" கேட்டபடியே அவள் கண் சுவருக்குப் போனது. "அது என்ன, 'சத்தம்'... அதுக்குக் கீழ 'கீழ்வீடு'? நானா சத்தம் போடறேன்?"

"அது ஒரு உதாரணம்க்கா."

"ஆணி அடிக்கிறது நீ, உதாரணம் நானா?"

கட்டிடமே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் தன் வீடு எந்தச் சீட்டில் என்று தேடினார். 'நாய்' சீட்டில் இருந்தது. அவர் வீட்டில் நாய் இல்லை. மகன்தான் இருந்தான். அந்த வீட்டோடும் பேச்சுவார்த்தை அன்றோடு நின்றது.

"களப்பணி முடிஞ்சுதா?" என்றான் கணவன்.

டீச்சர் சுவரில் இருந்த அத்தனையையும் பிய்த்தாள். பிய்க்கப் பிய்க்கத்தான் புத்தி வந்தது. கடைசியில் ஒரே வரி மிஞ்சியது: 'அடுக்குமாடியில் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் சத்தத்தால் மூளும் சண்டைகள்'. அளவெடுத்துத் தைத்த தலைப்பு.

வெள்ளிக்கிழமை நெறியாளர் அதைப் படித்தார். "பிரமாதம்!" என்று பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடப்போகிறார் என்று டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"நல்ல மையம். இதுல இருந்து ஒரு மேப் போடுங்க."

"யோவ்!"

அது தன் வாயிலிருந்துதான் வந்தது என்று டீச்சருக்கே புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்த பிறகும் நிறுத்தவில்லை.

"உன் வட்டமும் வேணாம், உன் பட்டமும் வேணாம். நான் விட்டுட்டேன்!"

தாளைக் கிழித்து மேஜையில் எறிந்தாள். நெறியாளர் கோபப்படவில்லை. நிதானமாகப் பேனாவை மூடினார். மூலை மேஜையில் இருந்த புது ஆய்வு மாணவியைப் பார்த்துத் தலையசைத்தார்.

வராந்தாவில் பாதி தூரம் போயிருப்பாள். பின்னால் செருப்புச் சத்தம். அந்தப் பெண்தான், மூச்சிரைக்க ஓடி வந்தாள். சமாதானம் பேச அனுப்பியிருக்கிறார் போல, வரட்டும் என்று டீச்சர் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஒரு பேட்டி மட்டும் கொடுத்துட்டுப் போங்கக்கா," என்றாள் அவள். "'ஆய்வைப் பாதியில் விடுகிறவர்கள்' இதான் என் தலைப்பு; ஆளே கிடைக்கலைன்னு அழுதேன், கவலைப்படாதே நான் பார்த்துக்கிறேன்னு சார்தான் சொன்னார்."