சங்குமேட்டுக் குப்பத்தில் ஆளில்லை

கடலைப் பற்றிய பேருண்மைகள் அனைத்தும் திருவண்ணாமலையில்தான் கண்டுபிடிக்கப்படுகின்றன. இங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆகவே ஆராய்ச்சியாளரின் கவனம் சிதறாது. 'கைவிடப்பட்ட காலனியக் கடற்கரைக் குடியிருப்புகள்' பற்றிய மூன்று நாள் கருத்தரங்கைப் பேராசிரியர் சக்கரபாணி செங்கம் ரோட்டு விடுதி ஒன்றில் வைத்ததும் இந்தக் காரணத்தால்தான். பௌர்ணமி கிரிவலம் தற்செயலாக அமைந்தது.

அதே விடுதியில் பாத்திரம் கழுவும் சந்திரம்மாள், சங்குமேட்டுக் குப்பத்தில் பிறந்தவள். பத்து வருஷத்துக்கு முன் அங்கே 'கடற்கரை மேம்பாடு' வந்தது. பதினோரு மீனவக் குடும்பங்களை இங்கே கொண்டுவந்து, சித்திரையில் ஏரியே வற்றிப்போகும் ஓர் இடத்தில் குடியமர்த்தினார்கள். அதற்கெல்லாம் தொலைநோக்கு வேண்டும். தருவதாகச் சொன்ன வீட்டுக்கு அலுவலகம் ஒரே ஒரு தாள்தான் கேட்டது: அவள் அங்கே குடியிருந்ததாக விஷயம் தெரிந்தவர் ஒருவரின் சான்று. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

புதன்கிழமை டீ கொண்டுபோனபோது திரையில் அவள் ஊர் இருந்தது. கோணல் வரிசையில் பதினோரு தென்னைகள். டச்சு கேப்டன் ஒருவர் காற்றின் திசையைக் கணித்து வைத்த தோட்டம் என்று பேராசிரியர் நிறுவினார். வியாபாரம் படுத்ததும் மக்கள் 'தாமாகவே' ஊரைவிட்டுப் போய் இருநூறு ஆண்டு ஆகிறதாம். தென்னை இருநூறு வருஷம் நிற்குமா என்று கேட்குமளவுக்கு அந்த அறையில் யாரும் படிக்காதவர் இல்லை. கைதட்டினார்கள்.

இடைவேளையில் சந்திரம்மாள் அவரிடம் போய் நின்றாள்.

"சார், அது கேப்டன் வெச்சது இல்ல சார். எங்க ஊர்ல தலைச்சன் புள்ள பொறந்தா, குளிப்பாட்டுற தண்ணி போற எடத்துல அப்பங்காரன் ஒரு தென்னை வெப்பான். மூணாவது மரம் என்னுது."

"ஆதாரம் இருக்காம்மா?"

"நான்தான் சார் இருக்கேன்."

"வாய்மொழி" என்று பேராசிரியர் தம் உதவியாளர் ஆதவனிடம் திரும்பிச் சொன்னார், ஒரு நோயின் பெயரைச் சொல்வதுபோல.

அவள் விஷயத்தைச் சொல்லி ஒரு கையெழுத்து கேட்டாள். அவர் மிகுந்த பொறுமையோடு விளக்கினார்:

"நீங்க அங்க இருந்தீங்கனு நான் எழுதிட்டா, அது கைவிடப்பட்ட ஊர் இல்லனு ஆயிடும்மா. அப்புறம் என் புத்தகத்த என்ன பண்றது?"

நியாயமான கேள்வி. ஒரு பக்கம் ஒற்றை அறை வீடு. மறுபக்கம் முந்நூற்று நாற்பது பக்கம், கெட்டி அட்டை, உள்ளே வண்ணப்படங்கள்.

ஆனாலும் அவர் கல்நெஞ்சர் இல்லை. அந்தப் புத்தகத்திலேயே ஒரு பிரதியை எடுத்து, 'சந்திரம்மாளுக்கு அன்புடன்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். எப்படியோ கையெழுத்து கிடைத்துவிட்டது. முகப்பிலேயே தன் மரமும் இருக்கிறது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாத சந்திரம்மாள் வெள்ளிக்கிழமை அதைத்தான் மனுவோடு அலுவலகத்தில் கொடுத்தாள்.

பிரிவு எழுத்தர் எழிலரசி பக்கங்களைப் புரட்டினாள். பாதியில் நிறுத்தினாள்.

"யம்மா, பெரிய படிப்பு படிச்சவரு எழுதியிருக்காரு. அந்த ஊர்ல எரநூறு வருஷமா யாருமே இல்லையாம்."

கேட்டது ஒரு தாள், வந்ததோ ஒரு நூல். இவ்வளவு வலுவான ஆவணம் அந்த அலுவலகம் கண்டதில்லை. மனு அன்றே நிராகரிக்கப்பட்டது.

ஆக, சங்குமேட்டுக் குப்பத்தில் இருநூறு வருஷமாக யாரும் இல்லை என்பது அரசு முத்திரையோடு உறுதியாகிவிட்டது. அந்த இல்லாதவர்களை லாரியில் ஏற்றி அனுப்பப் பத்து வருஷத்துக்கு முன் எதற்கு நாற்பது போலீஸ்காரர்கள் தேவைப்பட்டார்கள் என்பதை மட்டும் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.