குடையில் ஒட்டிய கோடு

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் அதேதான் நடந்தது.

பூப்போட்ட சட்டை அணிந்த ஓர் அம்மாள் குடை குடையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். லுவோவின் குடை முன்னால் நின்றார். போனை நீட்டி கியூஆர் கோடை ஸ்கேன் செய்தார். திரையைப் பார்த்தார். லுவோவைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி நகர்ந்துவிட்டார்.

"ஏம்மா, ஏதாவது கேக்கணும்னா கேளுங்க!" என்று லுவோ பின்னாலிருந்து கத்தினார்.

"யோசிச்சுச் சொல்றேண்ணே!"

"இதோட பதினொண்ணு. ஒருத்தராவது பொண்ணு என்ன வேலை பாக்குதுன்னு கேட்டாங்களா?" என்று லுவோ தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஷாங்காய் மக்கள் பூங்காவில் ஞாயிறு என்றால் குடைகள்தாம். பெற்றவர்கள் வரன் தேடிக் குடையை விரித்துத் தரையில் வைத்து, பிள்ளையின் வயது, உயரம், படிப்பு, வேலை எல்லாம் எழுதிய காகிதத்தை அதில் கிளிப் போட்டு மாட்டி, பக்கத்தில் மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கமே வருவதில்லை. பாதிப் பேருக்குத் தாங்கள் குடை மேல் இருப்பதே தெரியாது.

லுவோவின் மகள் வென்ச்சிக்குத் தெரியும். தெரிந்த அன்று வீட்டில் பெரிய ரகளை. பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது. பலகாரப் பெட்டிகளுக்கு அட்டை வடிவமைக்கிற வேலை. செப்டம்பரில் ஷியாமெனுக்கு மாற்றல். தாயில்லாத பெண், தெரியாத ஊரில் தனியாகக் கிடந்தால், சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு நாதி உண்டா? இதை நினைத்துத்தான் லுவோ குடையைத் தூக்கினார். கடைசியில் இரண்டு பேரும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள்.

"எட்டு ஞாயிறு. அதோட குடையை மடக்கிடணும். அப்புறம் என் கல்யாணத்தப் பத்தி வாயே திறக்கக் கூடாது," என்றாள் வென்ச்சி.

"பத்து வெச்சுக்கலாமே?"

"எட்டுப்பா."

"சரி, எட்டு."

"என் பேரு, வயசு, போட்டோ எதுவும் ஊர் பாக்கத் தொங்கக் கூடாது. நானே ஒரு கோடு பண்ணித் தரேன். வேணுங்கிறவங்க ஸ்கேன் பண்ணிப் பாத்துக்கட்டும்."

சாப்பாட்டு மேசையிலேயே கம்ப்யூட்டரைத் திறந்து பக்கத்தைத் தயாரித்தாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் வந்து விழுந்தன. லுவோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தையல் மெஷின் ஃபேக்டரியில் முப்பத்தொரு வருஷம் தர ஆய்வாளராக இருந்தவர் அவர். ஊசி முனை ஒரு மயிரிழை கோணினாலும் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பியவர்.

"மூலையில பெருசா மூணு கட்டம் எதுக்கு?"

"போனைத் தலைகீழாப் பிடிச்சாலும் எது மேல, எது கீழன்னு அத வெச்சுத்தான் கண்டுபிடிக்கும்."

"சுத்தி ஏன் இவ்வளவு வெள்ளை விட்டிருக்க? காகிதம் வீண்."

"அந்த வெள்ளை இல்லேன்னா கோடு எங்க ஆரம்பிக்குதுன்னே போனுக்குத் தெரியாதுப்பா. கத்திரிக்கோல எடுத்துடாதீங்க."

லுவோவின் போனில் கேமரா உடைந்து இரண்டு வருஷமாகிறது. கடையில் பணம் கட்ட இவர் தன் போனில் வரும் கோடைக் காட்டுவார், கடைக்காரர் ஸ்கேன் செய்துகொள்வார். இவருக்கு எதற்குக் கேமரா என்று சரி செய்யாமலே விட்டுவிட்டார். அதனால் மகள் போனிலேயே சோதித்தார். வென்ச்சியின் விவரம் வரிசையாக வந்தது. எழுத்து எழுத்தாகப் படித்து, உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைவதைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார். பிறகு "தேறியது" என்றார். தேறியது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்தப் பொருளை அவர் மறுபடி தொடுவதில்லை. ஃபேக்டரியிலும் அப்படித்தான்.

அப்படித் தேறிய கோடுதான் இப்போது மூன்று ஞாயிறாக மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

"அச்சுலதான் கோளாறு," என்று முடிவு கட்டிய லுவோ, சந்துக் கடையில் அச்சடித்துக் கொடுத்த பெங்கிடம் போனார். "ஸ்கேன் பண்ணிப் பாருப்பா."

பெங் பார்த்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு நிமிர்ந்து லுவோவை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார்.

"ஐயா, இதுல வந்து..."

"கதை வேணாம். தேறியதா, தேறாததா?"

பெங் எதையோ விழுங்கிக்கொண்டார். "தேறியதுங்க. நல்லாவே தேறியது."

"அப்போ சின்னதா இருக்கு. பெருசாப் போடு."

நான்காவது ஞாயிறு கோடு தேநீர்த் தட்டு அளவுக்கு வந்து நின்றது. அந்தக் கோடியில் நடந்து போகிறவர்களும் போனை நீட்டினார்கள். இந்தமுறை கேள்வியும் வந்தது. ஆனால் எல்லாம் லுவோவைப் பற்றி.

"ரத்த அழுத்தம் எப்படிண்ணே?" என்று சுருட்டை முடி வைத்த ஓர் அம்மாள் ஆரம்பித்தார்.

லுவோவுக்குச் சந்தோஷம். சம்பந்தம் செய்கிறவர்கள் பெண்ணின் அப்பா நோயாளியா என்று பார்க்க மாட்டார்களா? விவரமான குடும்பம். "நூத்தி இருபத்தஞ்சுக்கு எண்பது. மாத்திரை கிடையாது," என்றார்.

"சமைப்பீங்களா?"

"பன்றிக்கறிய சோயா விட்டு வதக்கி இறக்கினேன்னா மூணாவது மாடியிலேர்ந்து எட்டிப் பாப்பாங்க."

"குறட்டை?"

லுவோ கொஞ்சம் தடுமாறினார். "குறட்டைக்கும் இதுக்கும் என்னம்மா?"

"சின்ன வீடுன்னா கேக்குமில்ல?"

அதுவும் நியாயம்தான் என்று தோன்றியது. "என் பொண்ணு தங்கமான பொண்ணும்மா," என்று விஷயத்துக்கு வந்தார்.

"தெரியுதே! எவ்வளவு அழகா எழுதியிருக்கா!" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார்.

பக்கத்துக் குடையில் உட்கார்ந்திருந்த தாவ் டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மழலையர் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். இரண்டாவது ஞாயிற்றிலிருந்து வருகிறார். அவர் குடையில் கையால் எழுதிய ஒரே காகிதம்: மகன், முப்பத்தாறு, இன்ஜினியர்.

"லுவோ சார், கடைசிக் கேள்விக்குப் பதிலே சொல்லலியே நீங்க?" என்றார் அவர்.

"எது?"

"குறட்டை."

"லேசா வரும்."

"லேசான்னா பரவாயில்ல," என்று சொல்லிவிட்டு டீச்சர் சூரியகாந்தி விதையை உரித்து ஒரு கைப்பிடி நீட்டினார்.

அன்று வீட்டில் லுவோ மகளிடம் புலம்பித் தீர்த்தார். வென்ச்சி பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நடுவுல ஒரு போட்டோ வைங்கப்பா. கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு மறைஞ்சாக்கூட மிச்சத்த வெச்சுப் போன் கணக்குப் போட்டுப் படிச்சிடும்."

"உன் போட்டோவா?"

"அதான் கூடாதுன்னு பேசியாச்சே? உங்க போட்டோவ வைங்க. பெத்தவர் முகத்தப் பாத்தா ஒரு நம்பிக்கை வரும்."

படத்தையும் அவளே தேர்ந்தெடுத்தாள். ஏப்ரன் கட்டிக்கொண்டு மீன் கழுவும்போது லுவோ சிரித்த படம். ஐந்தாவது ஞாயிறு முப்பத்துநாலு பேர் வந்தார்கள். வந்தவர்களில் பலர் முந்தின நாள்தான் முடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் எள் தூவிய அப்பம் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டுப் போனார். மகளைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது.

கூட்டம் வழியை அடைத்ததால், ஆறாவது ஞாயிறு லுவோ இன்னொரு யோசனை செய்தார். பின்னால் நிற்கிறவர்கள் முண்டாமல் ஸ்கேன் செய்யட்டும் என்று, சட்டை முதுகிலும் ஒரு கோடை ஒட்டிக்கொண்டார். கழிப்பறைக்குப் போக எழுந்தார். திரும்பிப் பார்த்தால் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஏழு பெண்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்கள். லுவோ ஓடினார். அவர்களும் நடையை எட்டிப்போட்டார்கள். ஆண்கள் பக்கத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் உள்ளேயே நின்றார்.

ஏழாவது ஞாயிறு அடிதடியே வந்துவிட்டது.

"இந்த ஸ்டூல்ல நான்தான் உக்காருவேன்! நான்தான் மொதல்ல ஸ்கேன் பண்ணினேன்!" என்று பூப்போட்ட சட்டை கத்தினார்.

"நீ பண்ணினது சின்னக் கோடு! நான் பண்ணினது பெரிய கோடு!" என்று சுருட்டை முடி திருப்பிக் கத்தினார்.

பூங்காக் காவலர் ஓடிவந்தார். "பெரியவரே, என்ன வியாபாரம் பண்றீங்க இங்க?"

"வியாபாரமா? நான் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறேன்யா!"

காவலர் கோடை ஸ்கேன் செய்தார். படித்தார். லுவோவின் தோளைத் தட்டினார். "நடத்துங்க. ஆனா வரிசையா நிக்கச் சொல்லுங்க."

எட்டாவது ஞாயிறு விடாத மழை. பூங்காவில் ஈ காக்கை இல்லை. கடைசி நாளாயிற்றே என்று லுவோ மட்டும் வந்திருந்தார். தாவ் டீச்சரும் வந்திருந்தார். தரையில் விரிக்க வேண்டிய குடையை டீச்சர் இரண்டு பேர் தலைக்கும் மேலே பிடித்துக்கொண்டார்.

லுவோ ஸ்டூலை டீச்சர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வெட்கத்தை விட்டுக் கேட்டுவிடலாம் என்று துணிந்தார். ஏழு வாரமாகப் பக்கத்திலேயே ஒரு நல்ல குடும்பத்தை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

"டீச்சர், இன்னியோட என் கெடு முடியுது. உங்க பையனுக்கு என் பொண்ணப் பாக்கலாமா? ரெண்டு பேரையும் ஒரு தடவை டீ குடிக்க வைப்போம். நான் போனப்புறம் அவளுக்குன்னு ஒருத்தர் வேணும் டீச்சர். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

டீச்சர் அவர் முகத்தையே பார்த்தார். "லுவோ சார், உங்க கோடை ஒரு தடவையாவது நீங்க ஸ்கேன் பண்ணிப் பாத்தீங்களா?"

"மொத நாளே பாத்து பாஸ் பண்ணிட்டேனே!"

டீச்சர் தன் போனில் ஸ்கேன் செய்து அவர் கையில் கொடுத்தார். லுவோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

திரையில் அவரே மீன் கழுவிக்கொண்டிருந்தார். கீழே எழுதியிருந்தது:

"லுவோ தெச்சிங். வயது அறுபத்தாறு. மனைவி காலமாகி ஒன்பது வருஷம். எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிப்பார், பரிமாறின சாப்பாட்டில் மட்டும் கண்டுபிடிக்க மாட்டார். பன்றிக்கறி அருமையாகச் சமைப்பார். பிடிவாதம் உண்டு, சூது கிடையாது. நல்ல துணை தேடுகிறோம். இப்படிக்கு, மகள். பின்குறிப்பு: அவரிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள், குடையை மடக்கிவிடுவார்."

லுவோவுக்குக் காது மடல் வரைக்கும் சிவந்தது. உடனே தன் போனில் மகளை அழைத்தார்.

"வென்ச்சி! கோடு கெட்டுப்போச்சு! உனக்குப் பதிலா என் மூஞ்சி வருது!"

"கெட்டுப்போகலப்பா. நான்தான் மாத்தினேன்."

"எப்படி மாத்துவே? கட்டம் அதே கட்டம்! ஒரு புள்ளி மாறல! நானே பாஸ் பண்ணினது!"

"கட்டத்துக்குள்ள இருக்கிறது வெறும் விலாசம்தான்பா. அந்த விலாசத்துல என்ன இருக்கணுங்கிறத நான் எப்ப வேணா மாத்தலாம். நீங்க பாஸ் பண்ணிட்டுக் கை கழுவப் போனீங்களே, அப்பவே மாத்திட்டேன்."

"என்னக் கேக்காமயா?"

"நீங்க என்னக் கேட்டுட்டா மொதல்ல குடையத் தூக்கிட்டுப் போனீங்க?"

லுவோ போனை மறு காதுக்கு மாற்றினார்.

"நான் ஷியாமென் போயிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?" வென்ச்சியின் குரல் இறங்கியது. "பழைய சோத்துல வெந்நீர ஊத்திக் குடிச்சிட்டுப் படுத்துடுவீங்க. அம்மா தவறின வருஷம் பூரா அதத்தான் பண்ணினீங்க. எனக்கு அங்க சோறு இறங்குமாப்பா?"

லுவோ போனை வைத்தார். கண்ணாடியை மறுபடி துடைத்தார். பிறகுதான் பக்கத்தில் டீச்சர் இருப்பது நினைவுக்கு வந்தது. அசடு வழிய எழுந்து நின்றார்.

"மன்னிச்சிடுங்க டீச்சர். தப்பான பக்கத்தப் பாத்து ஏழு வாரமா என் பக்கத்துல உக்காந்து குறட்டை வரைக்கும் விசாரிச்சிருக்கீங்க. உங்க நேரத்த வீணடிச்சிட்டேன். பையன்கிட்டயும் நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க."

தாவ் டீச்சர் குடையை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்தார்.

"எனக்கு ஏது சார் பையன்? மொத ஞாயித்துக்கிழமை காய் வாங்கிட்டு இந்த வழியாப் போறப்ப உங்க கோடை ஸ்கேன் பண்ணினேன். மறுவாரம் உங்க பக்கத்துல உக்கார எனக்கும் ஒரு குடை வேணுமில்ல?"