அரிசி டின்னில் ஜப்பான் பாஷை

அரிசி எடுக்கப் போன டொரத்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டின்னின் மூடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. அதில் கறுப்பு மையில், கோடும் கொக்கியுமாக, அவள் பிறந்ததிலிருந்து பார்த்திராத எழுத்து. திரும்பிப் பார்த்தாள். தண்ணீர்ப் பானையில் ஒன்று, அம்மிக்கல்லில் ஒன்று, துடைப்பத்தில் ஒன்று. குழந்தை தூங்கிக்கொண்டிருந்த தொட்டிலிலும் ஒன்று.

புருஷனுக்கு வேலை போய் இரண்டு மாதம். அது போதாதென்று எவனோ வீட்டுக்குள் புகுந்து சூனியமும் வைத்துவிட்டான் என்றே அவள் முடிவு கட்டினாள். அந்தோனியார் படத்தடியில் இருந்த தீர்த்தத்தை எடுத்து அடுப்படி முழுக்கத் தெளித்தாள். அந்த நேரம் பார்த்து, தணல் வாங்க வந்தாள் பக்கத்து வீட்டு வீரம்மா. காகிதங்களையும் தீர்த்தத்தையும் பார்த்தவள், தணலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வந்த வழியே போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் கிரிகரி பசைக் கிண்ணமும் கையுமாக உள்ளறையிலிருந்து வந்தான்.

"பயப்படாதே. நான்தான் ஒட்டினேன். ஜப்பான் பாஷை படிக்கிறேன்."

டொரத்திக்குச் சூனியமே தேவலை என்று ஆகிவிட்டது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு. ரப்பர் விலை படுத்துவிட்டதில் ரயில்வே ஆட்குறைப்புச் செய்தது. கோலாலம்பூர் கூட்ஸ் ஷெட்டில் ஒன்பது வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்த கிரிகரிக்கும் சீட்டுக் கிழிந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸை அடுத்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அப்புறம் போக்கிடம் பண்டமாரானில் டொரத்தியின் அண்ணன் லியனார்ட் வீடுதான். அந்தப் புண்ணியவான் ஆடுகளை விற்று, ஆட்டுக் கொட்டகைக்கு வெள்ளையடித்து, "எப்போ வேணும்னாலும் வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தான். ஆடு போனாலும் வாடை போகவில்லை என்பதை டொரத்தி நேரில் போய் மூக்கால் அறிந்து வந்திருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் பத்திரிகையில் அந்த விளம்பரம் வந்தது. கிள்ளானில் ஒரு ஜப்பான் ரப்பர் கம்பெனிக்கு ஒரு கிராணி வேண்டும். இங்கிலீஷும் டைப்பிங்கும் தெரிந்திருக்க வேண்டும். குடியிருக்க வீடு உண்டு. அடுத்த மாதம் இருபதாம் தேதி நேரில் வர வேண்டும்.

கிரிகரி யோசித்தான். வேலை போன கிராணிகள் அத்தனை பேரும் போவார்கள். அத்தனை பேருக்கும் இங்கிலீஷ் தெரியும், டைப்பிங் தெரியும். ஜப்பான் தெரிந்தவன் ஒருவன் போய் நின்றால்? பாசார் சந்தையில் பழைய சாமான் விற்பவனிடம், ஆறே வாரத்தில் தானாகவே ஜப்பான் பாஷை கற்கலாம் என்று சத்தியம் செய்யும் இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடைத்தது. கையில் இருந்தது ஐந்து வாரம். ஒரு வாரத்துக்கு உண்டான சோம்பேறித்தனத்தைக் குறைத்துக்கொண்டால் போயிற்று என்று நினைத்தான்.

புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே யோசனைகள் பத்து இருந்தன. முதல் யோசனை, வீட்டில் உள்ள பொருள்களின் பெயரை எழுதி அந்தந்தப் பொருளிலேயே ஒட்டு என்பது.

பொழுது சாய்வதற்குள் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கச் சேதி பரவிவிட்டது. கிரிகரி வீட்டில் சூனியம். பொதுக் குழாயில் டொரத்தி குடம் வைத்தால் அதற்கடுத்து ஒருத்தியும் குடம் வைக்கவில்லை. டொரத்தி அழுதேவிட்டாள். கிரிகரி வீடு வீடாகப் போய், அது சூனியம் இல்லை, வேலைக்காகப் படிக்கும் ஜப்பான் பாஷை என்று விளக்கிவிட்டு வந்தான். ஜனங்கள் நம்பினார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் காலை டொரத்தி சீனன் கடையிலிருந்து வெறும் பையோடு வந்தாள். ஜப்பான்காரன் சீனாவில் குண்டு போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. ஊரில் சீனர் கடை எதிலும் ஜப்பான் சாமான் ஒரு பொத்தான்கூடக் கிடையாது.

"தவுக்கே என்னா சொன்னார் தெரியுமா? உன் புருஷன் ஜப்பான் படிக்குது, உனக்கு நம்ம கடை இல்லலான்னுட்டார். அத்தனை பேர் முன்னாடி."

கிரிகரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்களுக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் அந்த ஒரே கடைதான். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். கடை முதலாளியான தவுக்கே தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் கிரிகரியின் வாயிலிருந்து பொய் தானாகவே குதித்தது.

"ஜப்பானா? யார் சொன்னது? அது ஜெபம் தவுக்கே. வேலை கிடைக்கிறதுக்கு."

தவுக்கே அரிசி நிறுத்துக் கொடுத்தார். ஆனால் பக்கத்திலேயே புகையிலைக்கு நின்றிருந்தார் நாகையா. ரயில்வே பட்டறையில் வேலை போனவர். சேதியைச் சுமந்துபோக அவரைப் போல் தோதான ஆள் பிரிக்பீல்ட்ஸிலேயே கிடையாது.

விடிந்ததும் வாசலில் பதினொரு பேர். ஆளுக்கொரு ஜெபம் வேண்டுமாம். கிரிகரி கையெடுத்துக் கும்பிட்டான், அது ஜெபமே இல்லை என்றான், கதவைச் சாத்தினான். இவ்வளவு லேசில் தரமாட்டேன் என்கிறானே, அப்படியானால் பலன் நிச்சயம் என்று அவர்கள் உறுதி செய்துகொண்டார்கள். நாகையா மட்டும், வெளியே கிடந்த குளியலறை வாளியிலிருந்த காகிதத்தைப் பிய்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அன்றைக்கென்று பார்த்து, பூச்சோங் பக்கம் ஓர் ஈயச் சுரங்கத்தில் அவருக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்துத் தொலைத்தது. சாயங்காலம் ஒரு வாழைத்தாரோடு வந்து நின்றார்.

"வாளின்னு எழுதினதுக்கு வாழைத்தாரா?" என்று டொரத்தி வாயைப் பிளந்தாள்.

அப்புறம் கூட்டத்தைக் கேட்க வேண்டியதில்லை. கிரிகரி ஆறாவது யோசனையைப் புரட்டிப் பார்த்தான். ஒரு சொல்லை நூறு முறை எழுதினால் மறக்காது என்றிருந்தது. எழுதிக் கொடுத்தால் இவர்களும் போய்விடுவார்கள், தனக்கும் படிப்பு ஆகும். கதவு, கரண்டி, தலையணை என்று எழுதி எழுதிக் கொடுத்தான். பக்கத்து வீட்டு வீரம்மாவின் புருஷன் இராமலிங்கம், ரயில்வே கணக்காபீசில் கிராணியாக இருந்து வேலை இழந்தவர், கூச்சத்தோடு கடைசியாக வந்தார். அவருக்குத் துடைப்பம் கிடைத்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச் சாமியார், மந்திரக் காகிதம் எழுதி ஏழைகளை ஏய்க்கிறவர்களுக்கு நரகத்தில் ஒதுக்கியிருக்கும் இடத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். செய்யும்போது கிரிகரியைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை. கிரிகரி வீட்டுக்கு ஓடி, அங்கிருந்த காகிதங்களை எல்லாம் கிழித்து அடுப்பில் போட்டான். இனிமேல் வீட்டில் ஜப்பான் மூச்சே கிடையாது என்று டொரத்தியிடம் சத்தியமும் செய்தான்.

ஒன்பதாவது யோசனை, ஆள் இல்லாத இடத்தில் உரக்கப் பேசிப் பழகு என்பது. ஆற்றோரம் ரயில் பாலத்தடியில் ஆள் நடமாட்டம் இல்லை. நாலு நாள் அங்கே போய்ப் பேசினான். ஐந்தாம் நாள் போலீஸ் மாத்தா மாத்தா இரண்டு பேர் வந்து, பாலத்தை நோட்டம் விடும் ஜப்பான் ஒற்றன் என்று பிடித்துப் போனார்கள். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில் கிரிகரி மனசுக்குள் தன்னைத் தூக்கில் போட்டு, புதைத்து, டொரத்தியை ஆட்டுக் கொட்டகைக்கும் அனுப்பிவிட்டான். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் அவன் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி அந்தப் பத்து யோசனைகளையும் நிதானமாகப் படித்தார். பிறகு, இதே மாதிரி மலாய்க்கு ஒரு புத்தகம் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு அவனைப் போகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது டொரத்தி சண்டை போடவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"இந்த வேலை கிடைச்சிடுமாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"எனக்குக் கிடைக்கலேன்னா வேற யாருக்குக் கிடைக்கும்?"

இருபதாம் தேதி கிள்ளான் கம்பெனி வராந்தாவில் நாற்பது பேர். அவனிடம் காகிதம் வாங்கியிருந்த பாதிப்பேர் அவனைப் பார்த்து எழுந்து நின்று வணங்கினார்கள். இராமலிங்கமும் இருந்தார். ஒவ்வொருவரும் உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தார்கள்.

கிரிகரி உள்ளே போனபோது மேஜைக்குப் பின்னால் மூன்று ஜப்பான்காரர்கள் இருந்தார்கள். அவனை உட்காரச் சொல்லிவிட்டு, அவன் மனு மேல் கண்ணை வைத்தபடியே தங்களுக்குள் ஏதோ சொந்தக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். கிரிகரி உட்காரவில்லை. இடுப்பு வரை குனிந்து, தன் பெயர், ஊர், அனுபவம் எல்லாவற்றையும் ஜப்பான் பாஷையில் ஒப்பித்தான்.

ஒருவர் கையிலிருந்த பேனா விழுந்தது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த மானேஜர், அவனுக்கு எந்த அளவு புரியும் என்று மெதுவாக ஜப்பான் பாஷையிலேயே கேட்டார்.

அடக்கமாக இருக்க இது நேரமா? எல்லாம் புரியும் என்றான் கிரிகரி. உண்மையில் அவன் காதில் விழுந்ததில் புரிந்தது ரப்பர், நாளை, வெள்ளைக்காரன், சொல்லாதே என்ற நான்கு சொற்கள்தான். அவற்றைக் கோத்து, நாளை வரும் வெள்ளைக்காரனிடம் ரப்பர் சங்கதியைச் சொல்லக் கூடாது என்றுதானே பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டே விட்டான்.

மானேஜர் எழுந்தார். அவனைவிடத் தாழக் குனிந்தார். தேநீர் வரவழைத்துத் தம் கையாலேயே கொடுத்தார். குடித்து முடித்ததும் கதவு வரை வந்து வழியனுப்பினார். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். கிரிகரி பெஞ்சில் உட்கார்ந்து, கம்பெனி வீட்டின் ஜன்னலுக்கு டொரத்தி என்ன நிறத்தில் திரை கேட்பாள் என்று யோசிக்கத் தொடங்கினான். சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கியது.

அரை மணி கழித்துக் கம்பெனி பியூன் பாலன் ஒரு காகிதத்தோடு வந்து, வேலை யாருக்கு என்று வாசித்தான்.

"இராமலிங்கம்."

இராமலிங்கமே நம்பவில்லை. இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் எழுந்து உள்ளே போனார். கிரிகரிக்கு வராந்தாவே சுற்றியது. கூட்டம் கலையும் வரை காத்திருந்து, பாலனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்கிட்ட என்ன தம்பி குறை? சோத்துக்கு அலைஞ்சு, சாமியார்கிட்ட ஏச்சு வாங்கி, போலீஸ் வரைக்கும் போய்ப் படிச்சேன். அந்த அண்ணனுக்கு ஜப்பான்ல ஒரு வார்த்தை தெரியாது."

பாலன் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டான். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"முன்னாடி இருந்த கிராணியை எதுக்கு வேலையை விட்டு நிப்பாட்டினாங்கன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையாண்ணே? இவங்க பேசிக்கிறது அவருக்குப் புரிய ஆரம்பிச்சிடுச்சு."