ஆறாவது அருவி

"உங்க வீட்டுல இருந்து அருவிக்கு எவ்வளவு தூரம்?"

கல்யாணம் முடிந்த கையோடு ஞானப்பூ மதினி சுகிர்தத்திடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். மதினி, மாப்பிள்ளை ஜெபஸ்டினுக்கு அக்கா. ஊர் சாத்தான்குளம். சுகிர்தத்துக்கோ குற்றாலத்துக்குப் பக்கத்து மேலகரம். அப்பா தன் வீட்டையும் பழைய காரையும் மகளுக்கென்றே எழுதிவைத்திருந்தார். புதுப்பெண் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டு, "கார்ல போனா பக்கந்தான் மதினி" என்றாள்.

யோசிக்காமல் சொன்ன அந்தப் பதிலுக்கு அவள் ஒவ்வொரு ஆனி மாதமும் பலனை அனுபவித்து வருகிறாள். சாரல் விழுந்த செய்தி சாத்தான்குளத்துக்கு எட்டியதும் மதினி பையைத் தூக்கிவிடுவாள்.

இந்த வருடமும், "ஒரு நாள் குளிச்சிட்டு ஓடிருவேன்ட்டி" என்றுதான் வந்தாள். காலையில் ஐந்தருவி, சாயந்திரம் பழைய குற்றாலம். அருவியில் நின்றால் பசிக்கும். பசித்தால் தோசை. தோசை தின்றால் தூக்கம் வரும். தூங்குவது தெற்கு அறையில்.

சிக்கல் அந்த அறையில்தான் இருந்தது. மகள் ஷாரோன் தலைப்பிரசவத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். கட்டிலும் காற்றும் பக்கத்திலேயே குளியலறையுமாகப் பிள்ளைத்தாய்ச்சிக்குத் தோதான அறை அது ஒன்றுதான். மதினிக்கும் விஷயம் தெரியும். "அதுக்கென்னட்டி, என் பக்கத்துல படுத்துக்கிடட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டாள். மதினியின் குறட்டை பக்கத்து வீட்டு ஷமீம் பானுவுக்கே கேட்கும்.

"நீங்க சொல்லுங்க. உங்க அக்காதானே?" என்றாள் சுகிர்தம்.

"சொல்லணும்" என்றார் ஜெபஸ்டின். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 'சொல்லணும்' என்று சொல்லிவிட்டாலே அவருக்குப் பாதிக் காரியம் முடிந்த மாதிரி. அக்காவின் முன்னால் போய் நின்றார்.

"என்னலே ஜெபா?"

"ஒண்ணுமில்லக்கா. காப்பிக்குச் சீனி போதுமா?"

"போதும். எனக்கு இங்கன என்னலே குறை? காரு இருக்கு, அருவி இருக்கு. காரு மட்டும் இல்லன்னா அன்னைக்கே கிளம்பியிருப்பேன். இந்தச் சீசன் கூட்டத்துல பஸ்ஸுல தொங்கிட்டுப் போவ என்னால ஆவாது."

"சரிக்கா" என்றபடி ஜெபஸ்டின் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்த மதினி, உட்கார்ந்த வேகத்தில் இரண்டு கால்களையும் தூக்கினாள்.

"ஏசப்பா! ஏலே, காருக்குள்ள தண்ணி கெடக்கு!"

ஜெபஸ்டின் குனிந்து பார்த்தார். மிதியடி ஊறிக் கிடந்தது. "பழைய காருல்லாக்கா. சாரலுக்கு ஒழுகுது போல. இனிமே பஸ்ஸுலதான்..."

"குளிக்கத்தானே மதினி போறோம். நனைஞ்சா என்ன?" என்றாள் பின்சீட்டில் இருந்த சுகிர்தம்.

"குளிக்கப் போறது வேற, போற வழியிலயே குளிக்கது வேறட்டி" என்றாள் மதினி. "இதைச் சரி பண்ணாம நான் ஊருக்குப் போவ மாட்டேன். என் தம்பியை ஒழுகுத காருல விட்டுட்டுப் போவேனா?"

கார் காய்ந்தால்தான் மதினி போவாள், மதினி போனால்தான் ஷாரோனுக்கு அறை என்பது சுகிர்தத்துக்குப் புரிந்தது. அன்றைக்கே மெக்கானிக் மாரிச்செல்வத்துக்குப் போன் போட்டாள்.

மாரிச்செல்வம் வந்து கதவைத் தடவிப் பார்த்தான். "கதவு ரப்பர் போயிட்டுக்கா" என்றான். புது ரப்பர் போட்டான். ரப்பர் தடிமனாக இருந்ததில் கதவைச் சாத்த முடியவில்லை. ஓங்கி அறைந்தால்தான் சாத்திக்கொண்டது. அறைந்த அறையில் வீட்டுச் சுவரிலிருந்து சபைக் காலண்டர் விழுந்தது.

காலையில் பார்த்தால் அதே இடத்தில் தண்ணீர்.

"அப்ப முன்கண்ணாடிக்கா" என்றான் மாரிச்செல்வம். கண்ணாடியைக் கழற்றி, பசை தடவி, திரும்ப மாட்டினான். அதற்குப் பிறகு இடது பக்கத்துத் தண்ணீர் அப்படியே இருந்தது. இதுவரை ஒழுகாத வலது பக்கமும் ஒழுக ஆரம்பித்தது. வண்டி ஓட்டும்போது ஜெபஸ்டினின் முழங்காலில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவர் முழங்காலில் ஒரு துண்டை விரித்துக்கொண்டார்.

அவரைப் பார்க்கத்தான் சுகிர்தத்துக்குப் பாவமாக இருந்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து பால்காரன் மணியடித்த பிறகே எழுந்த மனிதர், இப்போது இருட்டோடு எழுந்து ஷெட்டுக்குப் போய்க் காரைக் கழுவித் துடைத்து வைக்கிறார். "அக்கா ஏறுத வண்டில்லா" என்கிறார். கூடப் பிறந்த பாசம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது வைத்தியம் சுகிர்தத்தின் யோசனை. காருக்குள் தரையிலும் ஓரங்களிலும் முகப் பவுடரைத் தூவினாள். தண்ணீர் எந்த வழியாக வந்தாலும் பவுடரில் கோடு விழும். டார்ச் லைட்டோடு அவள் உள்ளே குத்தவைத்துக்கொள்ள, மாரிச்செல்வம் ஹோஸ் பைப்பால் காரின் மேல் பீய்ச்சினான். மதினி குடை பிடித்துக்கொண்டு கட்டளையிட்டாள்.

"இன்னும் மேல அடிலே! வருதாட்டி?"

"வரல மதினி."

"கதவு இடுக்குல அடி! இப்ப?"

"வலது பக்கம் மட்டுந்தான் மதினி. இடது பக்கம் சொட்டு வரல."

"நல்லாப் பாருட்டி! பவுடர் வாசத்துல தூங்கிறாத!"

மொட்டைமாடித் தொட்டி காலியானது. குளிக்க வைத்திருந்த தண்ணீரும் போனது. இடது பக்கத்துப் பவுடரில் ஒரு கோடுகூட விழவில்லை. காரை ஷெட்டில் விட்டுக் கதவை அறைந்து சாத்தினார்கள். இரவு முழுக்கச் சாரலும் இல்லை.

விடிந்ததும் சுகிர்தம் போய்த் திறந்தாள். இடது பக்கத்துப் பவுடர் முழுவதும் தோசை மாவாகக் கரைந்து கிடந்தது.

மாரிச்செல்வம் வெகுநேரம் தலையைச் சொறிந்தான். "மேல இருந்து வரல. பக்கத்துல இருந்தும் வரல. அப்போ கீழ இருந்துதாங்க்கா ஊறுது."

"காருக்குள்ள எங்கனலே ஊத்து?" என்றாள் மதினி.

"குத்தாலத்துத் தண்ணிக்கா. சொல்ல முடியாது."

ஊறுகிற தண்ணீருக்குப் போக்கிடம் வேண்டும் என்று சொல்லி, மதினி கால் வைக்கும் இடத்தில் தரைத் தகட்டில் துளை போட்டான். அது பலித்தது. மறுநாள் காலையில் கார் காய்ந்திருந்தது. ஷெட் தரைதான் ஈரமாக இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

"மாரி, கைராசிக்காரன்லே நீ!" என்றாள் மதினி. "சுகிர்தம், இன்னைக்குக் கடைசிக் குளியல். நாளைக்குக் காலையில நான் ஊருக்கு."

சுகிர்தம் மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னாள். ஜெபஸ்டின் துளையையே ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐந்தருவிச் சாலையில் ஒரு பள்ளம். முந்தைய நாள் மழை அதில் தளும்பிக் கிடந்தது. சக்கரம் அதில் இறங்கிய மறு நொடி, துளை வழியாகச் செம்மண் தண்ணீர் ஊசியாகக் கிளம்பி, மதினியின் மடியைத் தாண்டி, நேராக மூக்குக்குள் போனது. இருமி முடிக்க வெகுநேரம் பிடித்தது.

"அஞ்சு அருவிதான்னு சொன்னாங்க" என்றாள் மூக்கைச் சிந்திக்கொண்டே. "ஆறாவதைக் காருக்குள்ளயே வச்சிருக்கீங்களேட்டி!"

வீடு திரும்பியதும் தீர்ப்பு வந்தது.

"நான் நாளைக்குப் போவல. இந்தக் காரை இப்படியே விட்டுட்டுப் போனா எனக்குச் சோறு இறங்குமா? பிள்ளைத்தாய்ச்சி இதுலயா வருவா? எங்க ஊர்ல நல்ல மெக்கானிக் இருக்கான். அவனை இங்கன வரச் சொல்லுதேன். அவனும் நம்ம வீட்டுலயே தங்கி, சீசன் முடியுததுக்குள்ள பார்த்து முடிச்சிருவான்."

சுகிர்தம் அடுக்களைக்குள் போய் வெங்காயம் உரித்தாள். அன்றைய குழம்புக்கு வெங்காயம் தேவைப்படவில்லை.

ஜெபஸ்டின் பின்னாலேயே வந்தார். "அக்காட்ட சொல்லணும்" என்றார்.

"நீங்க போய்ச் சீனி போதுமான்னு கேளுங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை. மாரிச்செல்வம் முந்தின சாயந்திரமே துளையை ரப்பரால் அடைத்துவிட்டுப் போயிருந்தான். அடைப்பு நன்றாகவே பிடித்திருந்தது. அதனால் தண்ணீர் இதுவரை இல்லாத அளவுக்கு, சீட்டின் அடிவரை நின்றது. மாரிச்செல்வம் காரின் அடியில் படுத்திருந்தான். மதினி சாத்தான்குளம் மெக்கானிக்கிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாலே, துணிமணி எல்லாம் எடுத்துட்டே வா." சுகிர்தம் செம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். ஜெபஸ்டின் துடைக்கிற துணியோடு ஓரமாக நின்றார்.

அப்போதுதான் ஷமீம் பானு, வாங்கிப்போன இட்லிக் கொப்பரையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அவள் வீட்டு அடுக்களை ஜன்னலைத் திறந்தால் ஷெட்தான் தெரியும். கூட்டத்தைப் பார்த்து நின்றாள்.

"என்னக்கா, எல்லாரும் காரைச் சுத்தி நிக்கீங்க?"

"உள்ள தண்ணி ஊறுது பானு. எங்க இருந்து வருதுன்னே தெரியல" என்றாள் சுகிர்தம்.

ஷமீம் பானு காருக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு ஜெபஸ்டினைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள்.

"இது அண்ணாச்சி கழுவுத தண்ணில்லாக்கா! ஊர்ல எல்லாரும் காரை வெளியதான் கழுவுவாங்க. அண்ணாச்சிதான் தினமும் விடியுமுன்ன முன்கதவைத் திறந்து, உள்ளயும் ஒரு குடம் ஊத்தி, சத்தம் வராம இடுப்பால அமுக்கிச் சாத்திட்டுப் போவாரு. இன்னைக்கு மூணு குடம். அவ்வளவு சுத்தம்!"

மாரிச்செல்வம் காரின் அடியிலிருந்து வெளியே வரவில்லை. ஜெபஸ்டின் காய்ந்திருந்த பானட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

ஊருக்குக் கிளம்பினால் வாசலில் நின்று ஒரு பொழுது பேசுகிறவள் மதினி. தெரு முனைவரை போய், விட்டுப்போன ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகத் திரும்பி வருகிறவள். போனில் அந்தப் பக்கம் யாரோ "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருக்க, அவள் தெற்கு அறைக்குள் போனாள். போர்வையை மடித்து வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு, காரைத் தாண்டி, தம்பியைத் தாண்டி, சாரலில் நனைந்தபடி பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். குடை வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.