பாஸ்வேர்டை விசாரித்த ரைட்டரய்யா

தென்காசி வட்டாரத்தில் கம்ப்யூட்டரையே கைகட்டி நிற்க வைத்த ஒரே மனிதர் எங்கள் ரைட்டரய்யாதான்.

குத்துக்கல்வலசையில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்கிய புதிது. பெரிய அலுவலகங்களில் யாருடைய பாஸ்வேர்டை யார், எப்போது மாற்றினார்கள் என்று கண்காணித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று செய்திருந்தோம். அதற்கு விளக்கக் கையேடு எழுத ஆள் தேடிய மேனேஜர், 'ரைட்டர் தேவை' என்று விளம்பரம் கொடுத்தார். மறுநாள் காலையில் வந்து நின்றவரோ, போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ரைட்டர் வேணும்னு போட்டிருந்தியளே. சர்வீஸ் பூரா நான் ரைட்டர்தான்."

"அய்யா, இது வேற ரைட்டர்..." மேனேஜர் இழுத்தார்.

"யாரு, என்னைக்கு, எங்கன வச்சி, என்னத்த மாத்துனான்னு எழுதணும். அம்புட்டுதான? எஃப்.ஐ.ஆர்.ல அதத்தான எழுதுனேன்?"

அந்த மீசைக்கு முன்னால் மறுத்துப் பேச மேனேஜருக்குத் தைரியம் வரவில்லை. அவர் தமிழில் எழுதுவது, நான் அதை ஆங்கிலத்துக்கு மாற்றுவது என்று ஏற்பாடாயிற்று.

முதல் பக்கத்திலேயே கலங்கிப் போனேன். 'மேற்படி பயனாளர் எவருடைய தூண்டுதலும் இன்றி, சுயநினைவுடன் தன் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டார்' என்றிருந்தது. வேலை முடிந்து லாக்-அவுட் செய்தவரை 'தலைமறைவானார்' என்று எழுதியிருந்தார்.

புரோகிராம் எழுதும் முத்துவிடம் அவர் சந்தேகம் கேட்பதே ஒரு விசாரணைதான். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்காருவார். "ஏலே, இந்தப் பட்டன அமுக்குனா என்னலே ஆவும்? மறைக்காமச் சொல்லு." வெள்ளைத்தாளை விரித்து, பேனா மூடியைத் திறப்பார். அது போதும். முத்து அந்தப் பட்டனைப் பற்றி மட்டுமல்லாமல், அதுவரை யாரும் கண்டுபிடிக்காத தன் தவறுகளையும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிடுவான்.

சாரல் காலத்தில் ஒருநாள் ஆபீஸோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். அங்கேயும் அவருக்குக் கையேட்டு நினைப்புதான். அருவிக்கடியில் நின்றபடியே, "ஏலே முத்து, அந்த அட்மின் பாஸ்வேர்டு என்னலே?" என்று கத்தினார். தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்க வேண்டுமே என்று முத்து தொண்டை கிழியச் சொன்னான். வரிசையில் எண்ணெய் தேய்த்து நின்றவர்களுக்கெல்லாம் அது மனப்பாடமாயிற்று. ஈரத்துண்டோடு கரையேறி, போனிலேயே முத்து பாஸ்வேர்டை மாற்றினான். ரைட்டரய்யா பக்கத்தில் நின்று, "நல்லது, இத ஒரு உதாரணமா எழுதிருவோம்" என்றார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் ஆபீஸுக்கு அந்த போன் வந்தது. செங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி எங்கள் மென்பொருளை வாங்கியிருந்தது. அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த சுபா என்ற பெண்ணை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்களாம். பெரிய டாக்டரின் பாஸ்வேர்டை அவள் மாற்றியதாக எங்கள் மென்பொருள் காட்டியிருக்கிறது. 'மாற்றியவர் என்ற இடத்தில் யார் பெயர் உள்ளதோ, அவரே மேற்படி செயலுக்கு முழுப் பொறுப்பு' என்று கையேட்டில் இருப்பதை ஆஸ்பத்திரி நிர்வாகி வாசித்தே காட்டினார்.

அது ரைட்டரய்யா எழுதிய வரி. அவர் முகம் செத்துப்போயிற்று.

"ஏட்டி, வண்டிய எடு" என்றார் என்னிடம்.

செங்கோட்டை வரை ஸ்கூட்டரின் பின்னால் கையேட்டைப் பிடித்தபடியே வந்தார். ஆஸ்பத்திரியில் சுபா கண் வீங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நிர்வாகி பேச ஆரம்பித்ததும், "அந்த டாக்டரக் கூப்பிடுங்க" என்றார் ரைட்டரய்யா.

டாக்டர் மலையாளி, புனலூர்க்காரர். ரைட்டரய்யா எழுந்து நின்று, ரொம்ப மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். "டாக்டரய்யா, நீங்க பாஸ்வேர்ட மறந்துட்டியளா?"

"அய்யோ, மறந்து போயி! ஓணம் லீவு கழிஞ்சு வந்தப்போ ஒண்ணும் ஓர்மையில்ல. ஞான்தான் இந்தக் குட்டிய விளிச்சு மாத்தித் தரச் சொன்னேன். எந்தா, என்ன பிரச்சினை?"

சுபா சொன்னதை யாரும் நம்பவில்லை; டாக்டரிடம் அதுவரை யாருமே கேட்டிருக்கவும் இல்லை.

சுபா வாய்விட்டு அழுதாள். ரைட்டரய்யா அவள் முன்னால் போய் நின்று, "தப்பு என் எழுத்துல இருக்கு தாயி. ஒம்மேல இல்ல" என்றார். நிர்வாகியும் முனகலாக ஏதோ மன்னிப்புக் கேட்டார்.

திரும்பி வந்ததும் முத்துவை எதிரே உட்காரவைத்தார். 'தானே மாற்றியது' வேறு, 'கேட்டதன்பேரில் மாற்றிக் கொடுத்தது' வேறு என்று மென்பொருளில் தனித்தனியாகக் காட்டும்வரை அவனை எழுந்திருக்க விடவில்லை. கையேட்டிலும் அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார்: 'யார் செய்தார் என்பதை மட்டுமே இது சொல்லும். ஏன் செய்தார் என்பதை அவரிடமே கேட்கவும்.' "இது டெக்னிக்கலா இல்லையே" என்றார் மேனேஜர். ரைட்டரய்யா மீசையைத் தடவினார். வரி நிலைத்துவிட்டது.

போன வருஷம் ரைட்டரய்யா கண் ஆபரேஷன் முடிந்து, கோவில்பட்டியில் மகள் வீட்டோடு போய்விட்டார். வேலையை விட்டுப் போனவர்களின் கம்ப்யூட்டர் கணக்கை உடனே மூடிவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். எங்கள் மென்பொருளே மாதாமாதம் அவர் பெயரைச் சிவப்பில் காட்டி, மூடு மூடு என்கிறது. அந்தப் பொறுப்பு என்னிடம்தான் இருக்கிறது.

இன்னும் மூடவில்லை. சிவப்பாகவாவது அந்தப் பெயர் இருந்துவிட்டுப் போகட்டுமே.